சோறு கொடுக்க ஆள் இருக்கிறது, வாடகை கொடுக்கத்தான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில வாரங்களுக்கு முன்னால் உங்கள் நாளிதழில் ஒரு படம் வந்திருந்தது. இடித்துக் கட்டிய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் ஒரு பெண் தன் புது வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு நிற்கிற படம். அவர் முகத்தைப் பார்த்து எனக்கும் மனசு நிறைந்தது. ஆனால் பழைய வீட்டைக் காலி செய்த நாளுக்கும் இந்தச் சாவி கைக்கு வந்த நாளுக்கும் நடுவில் அந்தக் குடும்பம் எங்கே இருந்தது, யார் வீட்டில் ஒண்டியது, எத்தனை வீடு மாறியது, எவ்வளவு கடன் ஆனது என்று ஒரு வரிகூட இல்லை. உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. யாருமே அதை எழுதுவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகிவிட்டது, வெட்டாமல் போட்டால் நன்றி.

நான் புளியந்தோப்பில் இருக்கிறேன். மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் வாரிய வீட்டுப் பிள்ளைகள். இங்கே யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை, 'போர்டு வீடு' என்றுதான் சொல்வார்கள். 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்று எழுதி வைத்தார்கள். 2021-ல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அந்தக் காலத்தில் மூன்று மாடி, நான்கு மாடி என்று கட்டிய வீடுகள் எல்லாம் இப்போது கம்பி தெரிய நிற்கின்றன. 2021 டிசம்பர் 27-ஆம் தேதி திருவொற்றியூரில் 24 வீடுகள் இருந்த ஒரு கட்டடம் அப்படியே சரிந்தது, விரிசல் விடுவதைப் பார்த்து ஆட்கள் முன்பே வெளியே ஓடி வந்ததால் உயிர் பிழைத்தார்கள். ஆகவே இடித்துக் கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

இடிப்பதற்கு முன்னால், கட்டி முடித்ததும் புது வீடு தருவோம் என்பதற்கு அடையாளமாக ஒரு டோக்கன் கொடுப்பார்கள். கட்டி முடிக்கும்வரை வெளியே வாடகைக்கு இருந்துகொள்ள ஒரு குடும்பத்துக்குக் கருணைத் தொகை என்று கொடுக்கிறார்கள். முன்பு 8,000 ரூபாயாக இருந்தது, பிறகு 24,000 ஆக உயர்த்தினார்கள். மூன்று மடங்கு, நல்ல விஷயம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்ட 18 மாதம் ஆனால் மாதத்துக்கு 1,333 ரூபாய். இரண்டு வருஷம் இழுத்தால் மாதம் 1,000. எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு அறை, ஒரு அடுப்படி, நாலு வீட்டுக்குப் பொதுவாக ஒரு பாத்ரூம், இதற்கே 6,000 ரூபாய்க்குக் குறைந்து பேச்சு இல்லை.

வாடகையையாவது எப்படியோ புரட்டிவிடுவார்கள். அட்வான்ஸ்தான் ஆளைக் கவிழ்ப்பது.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அந்தப் பெண் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள், இப்போது ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், வண்டி சொந்தமில்லை. இரண்டு பிள்ளைகள், கண் சரியாகத் தெரியாத மாமியார். வீடு பார்த்தபோது 6,000 வாடகை, ஐந்து மாத அட்வான்ஸ் என்றார் வீட்டுக்காரர். அதாவது 30,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 6,000. முதல் மாத வாடகை 6,000. சாமான் ஏற்ற 1,500. மொத்தம் 43,500 ரூபாய் கையில் இருந்தால்தான் அந்த வீட்டின் கதவே திறக்கும். கருணைத் தொகையோ 24,000, அதுவும் அவர்கள் காலி செய்து சில வாரம் கழித்துத்தான் வங்கிக் கணக்கில் ஏறியது.

மிச்சத்துக்குத் தண்டல் வாங்கினார்கள். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், தண்டல் என்றால் 10,000 ரூபாய் கடன் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 கொடுப்பார்கள், தினமும் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கொடுத்தவர் தினமும் சாயங்காலம் வண்டியில் வந்து நிற்பார். இவர்கள் மூன்று தண்டல் வாங்கியிருந்தார்கள், தினமும் 300 ரூபாய். லோடு கிடைக்காத நாளில் அந்த 300 எங்கே இருந்து வரும்? வாடகைப் பணத்தில் இருந்து வரும். அப்படி இரண்டு மாத வாடகை நின்றது. வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழித்துக்கொண்டு காலி செய்யச் சொன்னார். பெயின்ட் அடிக்க என்று இன்னொரு 5,000 பிடித்தார். மீதி 13,000 ரூபாயை வைத்துக்கொண்டு மறுபடியும் 30,000 அட்வான்ஸ் கேட்கிற வீட்டைத் தேடினார்கள். மறுபடி புரோக்கர், மறுபடி லோடு ஆட்டோ, மறுபடி தண்டல். இரண்டு வருஷத்தில் நான்கு வீடு. மூன்றாவது வீடு மாதவரம் தாண்டி. பெரியவன் ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடம் மாறினான், அப்புறம் வருஷக் கடைசியில் நின்றேவிட்டான். இப்போது ஒரு மெக்கானிக் ஷாப்பில் இருக்கிறான். நன்றாகக் கணக்குப் போடுகிற பையன். இதை எழுதும்போதுகூட எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இந்தக் குடும்பத்தில் குடி இல்லை, சூது இல்லை, இரண்டு பேரும் உழைக்கிறார்கள். ஏழைகள் என்றாலே பொறுப்பில்லாதவர்கள் என்று பேசுகிறவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சரியான நேரத்தில் ஒரு 20,000 ரூபாய் வட்டியில்லாமல் கிடைத்திருந்தால் அந்த நான்கு வீடு ஒரே வீடாக இருந்திருக்கும், பையன் பத்தாம் வகுப்பு எழுதியிருப்பான்.

நானும் இதை ஒரே நாளில் புரிந்துகொண்டவள் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நாங்கள் சில பேர் சேர்ந்து பால் பவுடர், பிரெட், பாய், போர்வை என்று கொண்டுபோய்க் கொடுத்தோம். நல்ல காரியம் செய்கிறோம் என்று நிறைவாக இருந்தது. ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "பாய் நாலு வந்துடுச்சு டீச்சர், விரிக்கத்தான் இடமில்லை." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்டது வாடகைக்கு ஒரு வீடு, அதற்கு அட்வான்ஸ். நாங்கள் ஐந்தாவது பாயை நீட்டிக்கொண்டிருந்தோம்.

நம் ஊரில் சோறு போடுவதற்கு என்றைக்கும் ஆள் குறைந்ததில்லை. பிறந்தநாள் என்றால் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு, ஜூன் வந்தால் நோட்டுப் புத்தகம், தீபாவளிக்குச் சேலை. கோயில்களில் அன்னதானம் நடக்கிறது. இதில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை, பசி பெரிய கொடுமை. ஆனால் "ஒரு குடும்பத்துக்கு இந்த மாத வாடகை கொடுங்கள்" என்று கேட்டால் அதே நல்ல மனிதர்கள் தயங்குகிறார்கள். வாடகை என்றால் அது வீட்டுக்காரருக்குத்தானே போகிறது என்கிறார்கள். இந்த மாதம் கொடுத்தால் அடுத்த மாதம் யார் கொடுப்பது என்கிறார்கள். இரண்டாவது கேள்வி நியாயமான கேள்விதான், அதற்குப் பதில் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்குச் சில வருஷம் ஆனது.

எங்கள் பகுதியிலேயே இதை அமைதியாகச் செய்துகொண்டிருந்தவர்கள் இருந்தார்கள், நாங்கள்தான் கவனிக்கவில்லை. ஒரு ஜமாத்தில் ரமலான் மாதம் சேரும் ஜகாத்தில் ஒரு பகுதியை, கடனில் மாட்டியவர்களின் வாடகை பாக்கிக்கு ஒதுக்குகிறார்கள். கத்தோலிக்கக் கோயில்களில் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, மருந்துக்கோ வாடகைக்கோ எது தேவையோ அதற்கு உதவுகிறார்கள். வட சென்னையில் கருணாலயா என்கிற தொண்டு நிறுவனம் தெருவோரக் குழந்தைகளோடும் நடைபாதைக் குடும்பங்களோடும் 1995-லிருந்து வேலை செய்கிறது. பெண்ணுரிமை இயக்கத்துப் பெண்கள் வீட்டு மனைக்கும் பட்டாவுக்கும் எத்தனை வருஷமாக அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இந்த ஊர்க் குடிசைப் பகுதிகளில் கேட்டால் தெரியும். ஐ.ஆர்.சி.டி.யு.சி. என்கிற அமைப்பு வெளியேற்றப்பட்ட குடும்பங்களைக் கணக்கெடுத்து, யாருக்கு என்ன வந்தது, என்ன வரவில்லை என்று ஆவணமாக்கி வைக்கிறது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் நம் பேச்சு எல்லாம் புலம்பலாகத்தான் போகும்.

சரி, எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருக்காரர்களும் பழைய மாணவர்களுமாகப் பதினோரு பேர், மாதம் ஆளுக்கு 1,000 ரூபாய் என்று ஆரம்பித்தோம். சீட்டு மாதிரி, ஆனால் ஏலம் கிடையாது. அந்தப் பணத்தை அட்வான்ஸுக்கு மட்டும் கொடுப்பது என்று முடிவு செய்தோம். ஏன் அட்வான்ஸ் என்றால், அது திரும்பி வருகிற பணம். குடும்பம் வீட்டைக் காலி செய்தால் வீட்டுக்காரர் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது எங்களுக்கு வரும், அடுத்த குடும்பத்துக்குப் போகும். "அடுத்த மாதம் யார் கொடுப்பது" என்ற கேள்விக்கு இது பாதிப் பதில். மாத வாடகையை அவர்களே சம்பாதித்துக் கட்டுவார்கள், தண்டல்காரர் தலையில் உட்காராதவரைக்கும்.

முதல் தடவை தப்புச் செய்தோம். பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுத்தோம். அன்று சாயங்காலமே பழைய கடன்காரர் வந்து நின்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். சில பேர் அந்தக் குடும்பத்தைத் திட்டினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, வாசலில் ஒருவன் நின்று பிள்ளைகள் எதிரில் கத்தும்போது கையில் பணம் இருந்தால் யாராக இருந்தாலும் கொடுத்துத்தான் அனுப்புவோம். அதற்குப் பிறகு பணம் நேராக வீட்டுக்காரருக்குத்தான் போகிறது, ஒப்பந்தத்தில் இந்த அட்வான்ஸ் யார் கொடுத்தது, யாரிடம் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குகிறோம். இதுவரை இருபத்துச் சொச்சம் குடும்பங்கள். சிலருடைய பணம் முழுதாகத் திரும்பவில்லை, அதில் பாதிக் காரணம் அந்த பெயின்ட் கணக்குதான்.

எங்கள் குழுவில் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அவர்தான் வாடகைச் சட்டத்தைப் படித்துச் சொன்னார். 1960-ல் வந்த பழைய வாடகைச் சட்டம் போய், 2017-ல் போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் அதே வரியிலேயே, இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர என்றும் இருக்கிறது. அந்த ஒரு சொற்றொடர் வழியாகத்தான் ஐந்து மாதமும் பத்து மாதமும் உள்ளே வருகின்றன. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கிறவர்கள் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்? இன்னொன்று, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது சட்டம். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வாய் வார்த்தைதான். வாய் வார்த்தைக்குச் சாட்சி யார்? ஒரு வீட்டில் வாடகை பத்து நாள் தாமதமானதற்காகத் தண்ணீர் மோட்டார் சுவிட்சையே கழற்றி வைத்துவிட்டார்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியமானவற்றை நிறுத்தக் கூடாது என்று அதே சட்டத்தில் இருப்பதை அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டினோம். சண்டை போடவில்லை, உட்கார்ந்து பேசினோம். மறுநாள் தண்ணீர் வந்தது.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் பணக்காரர்கள் என்றும் நான் நினைக்கவில்லை. இரண்டு போர்ஷன் வாடகையில் சாப்பிடுகிற விதவை அம்மாக்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பெரிய அட்வான்ஸ் இல்லை, வாடகை நின்றால் யாரைக் கேட்பது என்ற தைரியம்தான். அதனால் சில இடங்களில் பணத்துக்குப் பதில் நாங்களே ஜாமீன் நின்றோம், மூன்று மாதம்வரை பாக்கி விழுந்தால் எங்களைக் கேளுங்கள் என்று. ஓர் அம்மா இரண்டு மாத அட்வான்ஸுக்கே சம்மதித்தார். இதுவரை ஒரே ஒரு தடவைதான் எங்கள் கையில் இருந்து கட்ட வேண்டியிருந்தது. இந்த வழிதான் எனக்கு இப்போது மிகவும் பிடித்திருக்கிறது, பணத்தை விட இது அதிக தூரம் போகிறது.

பணம் இருந்தாலும் வீடு கிடைக்காத கதை வேறு. எங்கே இருந்து வர்றீங்க, என்ன ஆளுங்க, புருஷன் கூட இருக்காரா, எத்தனை பிள்ளைகள், கறி சமைப்பீங்களா. சாதியை நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். பழைய முகவரி வாரிய வீடு என்று தெரிந்தால் "போர்டு ஆளுங்களா" என்று முகம் மாறும். முஸ்லிம் குடும்பத்துக்கும், கணவன் இல்லாத பெண்ணுக்கும் இன்னும் கஷ்டம். ஒரு பெண்ணோடு நான் கூடப் போனால் கிடைக்கிற வீடு, அதே பெண் தனியாகப் போனால் கிடைக்கவில்லை. ஒரு தடவை முதல் நாள் இவளிடம் வீடு காலியில்லை என்றவர், மறுநாள் நான் போய்க் கேட்டபோது திறந்து காட்டினார். இவள் எனக்குப் பின்னால் நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அவளோ ஒன்றும் சொல்லவில்லை, பழகியவள் போல அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூரமாக இருந்தாலும் அரசு வீடு கொடுக்கிறதே, அங்கே போகலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்குத் தெற்கே ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டியிருக்கிறார்கள், உண்மை. கூவம் ஓரத்திலிருந்து சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்களை 2020 டிசம்பரில் பெரும்பாக்கத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். ஆனால் வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்கு வேலை இருப்பது இங்கே, இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். காலை ஆறு மணிக்கு ஒரு வீட்டில் வாசல் தெளிக்க வேண்டியவள் எத்தனை மணிக்குக் கிளம்புவாள்? பெண்களுக்கு இலவசப் பேருந்து வந்தது பெரிய உதவி, நேரத்தைத் திருப்பித் தர அதனால் முடியாதே. பிழைப்பும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் சொன்னது. அதே நாளில் சென்னைக் குடிசைவாசிகளுக்காகப் பின்னாளில் நீதிபதியான கே.சந்துரு தொடுத்த வழக்கிலும் தீர்ப்பு வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் வீட்டையும் பிழைப்பையும் தனித்தனியாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

காப்பகங்கள் இருக்கின்றனவே என்றும் கேட்பார்கள். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, மாநகராட்சி தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து வீடற்றோர் காப்பகங்களை நடத்துகிறது. தனியாக நிற்கிற முதியவர்களுக்கு அது உயிர் காக்கிற இடம். ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. கணவனை ஓரிடத்திலும் மனைவி பிள்ளைகளை வேறிடத்திலும் விட்டு ஒரு குடும்பம் எப்படிப் பிழைக்கும்? தற்காலிகம் என்ற சொல்லும் இங்கே பயமுறுத்துகிறது. சென்னை கண்ணப்பர் திடலில் 2002-ல் தற்காலிகமாக என்று தங்கவைத்த குடும்பங்கள் இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தன. அங்கே பிறந்த குழந்தைகள் அங்கேயே வளர்ந்து பெரியவர்களானார்கள்.

அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த 24,000 ரூபாயை ஒரே தடவையாகக் கொடுத்துக் கை கழுவ வேண்டாம். காலி செய்கிற நாளிலேயே அட்வான்ஸுக்கு ஒரு தொகை, அதன் பிறகு சாவி கைக்கு வரும்வரை மாதாமாதம் ஒரு தொகை என்று கொடுங்கள். கட்டுமானம் தாமதமானால் அந்தச் செலவு கூடும், அப்போதுதான் தாமதம் யாருக்காவது வலிக்கும். இப்போது அது குடியிருந்தவர்களுக்கு மட்டும்தான் வலிக்கிறது. அப்புறம், ஒரு வீட்டுக்கு ஒரு டோக்கன் என்பதையும் யோசிக்க வேண்டும். அப்பா பெயரில் ஒதுக்கீடு, உள்ளே இரண்டு மகன்கள் குடும்பத்தோடு, ஆக மூன்று குடும்பம், ஒரு டோக்கன். வாரிய வீட்டிலேயே உள்வாடகைக்கு இருந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம், எங்கள் பகுதியில் அவர்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அவர்கள் வெறுமனே எழுந்து போக வேண்டியதுதான்.

ஆசிரியையாக இன்னொன்றை நான் கெஞ்சியே கேட்கிறேன். இடிப்பதானால் மே மாதத்தில் இடியுங்கள். அரைப் பரீட்சை நேரத்திலும், பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதும் பிள்ளைகளை வீட்டை விட்டு எழுப்பாதீர்கள். வருஷ நடுவில் பள்ளிக்கூடம் மாறுகிற பிள்ளை முதலில் அமைதியாகும், பிறகு லீவு போடும், பிறகு வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கும். நான் முப்பது வருஷம் அந்தப் பதிவேட்டை எழுதியவள்.

வாசகர்களில் வீட்டுக்காரர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் ஒரு போர்ஷனுக்காவது மூன்று மாத அட்வான்ஸோடு நிறுத்திப் பாருங்கள், ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள், அது உங்களுக்கும் பாதுகாப்பு. கொடுக்க மனமிருக்கிறவர்கள் அடுத்த பிறந்தநாளுக்கு உங்கள் தெருவிலேயே, உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவிடமே, "அக்கா, வாடகை பாக்கி ஏதாவது இருக்கா" என்று கேளுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் எங்களைப் போல ஒரு குழு ஆகிவிடும், அதற்குக் கட்டடமோ பலகையோ தேவையில்லை, ஒரு நோட்டும் கணக்கு எழுத ஒரு நேர்மையான ஆளும் போதும். பெரிதாகச் செய்ய நினைத்தால் ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்யலாம். நாங்கள் இப்போதுதான் அதற்கான காகிதங்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இடிக்கப்பட்ட குடியிருப்புகள் எவை, எந்த மாதம் காலி செய்தார்கள், எப்போது கட்டி முடிப்பதாகச் சொன்னார்கள், இப்போது எந்த மட்டத்தில் நிற்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு சின்னக் கட்டம் போட்டு வெளியிடுங்கள். டோக்கனை அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற எத்தனையோ பேர் அதை வெட்டி வைத்துக்கொள்வார்கள். இப்போதெல்லாம் அவர்களாகவே ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, எத்தனை தளம் எழும்பியிருக்கிறது என்று தெருவில் நின்று எண்ணிவிட்டுப் போகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு நிருபரை அனுப்புவதாக இருந்தால் தாராளமாக அனுப்புங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன். ஆனால் வீட்டுக்குள் படம் எடுப்பதற்கு முன்னால் அந்தப் பெண்களைக் கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் பிள்ளைகள் புதிதாக ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு வீடில்லை என்று அங்கே இன்னும் யாருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை,
புளியந்தோப்பு, சென்னை - 12